அடுத்த மாதக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள்? சான் பிரான்சிஸ்கோ ரூபி குழு: ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், ரூபி என்ற நிரல்மொழியில் எழுதும் நிரலாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. கோல்டன் கேட் ரூபி மாநாடு என்று பெயர். கௌச்டிபி என்ற தரவுத்தளத்தைப் பற்றிப் பேச வந்த ஒருவர் அதை ஆபாசப் படங்களோடு ஒப்பிட்டு, அரைகுறை ஆடையில் இருக்கும் பெண்களின் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டே பேசினார். அரங்கில் இருந்த பெண்கள் மிகச் சிலர். அதன் பிறகு ரூபி உலகம் முழுவதும் பெரிய சண்டை. அது தவறா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று இரண்டு தரப்பும் எழுதித் தீர்த்தன.

அதே ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாரா மே, சாரா ஆலன் என்ற இரண்டு நிரலாளர்கள் அந்தச் சண்டையின் அடியில் கிடந்த வேறு ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஊரில் மாதாமாதம் நடக்கும் ரூபி சந்திப்புக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் பெண்கள் வருகிறார்கள்? அதை மாற்ற நம்மால் என்ன செய்ய முடியும்? அப்போது அந்தச் சந்திப்புக்கு வந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த ஓராண்டு அளவில் அவர்களின் பங்கு 18 சதவீதத்துக்கு வந்தது. அந்த அனுபவத்தைப் பற்றி அவர்கள் பிறகு ஆற்றிய உரையின் தலைப்பிலேயே அந்த 18 சதவீதம் இருக்கிறது.

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த எண் எங்கே எண்ணப்பட்டது என்பதுதான். பெண்களுக்கென்று அவர்கள் நடத்திய பயிலரங்குகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்டியிருந்தால் இன்னும் பெரிய எண்களைச் சொல்லியிருக்க முடியும். அவர்கள் எண்ணியது எல்லாருக்கும் பொதுவான மாதச் சந்திப்பில் இருந்த பெண்களை. ஊர் அளவில் பெண்கள் குழு கட்ட விரும்பும் யாரும் இந்த ஒரு முடிவில் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றது எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆர்வம் இல்லை என்ற பேச்சு

"பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, அதனால் வருவதில்லை" என்பது அன்றும் இன்றும் சொல்லப்படும் விளக்கம். வரலாறு இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் 37 சதவீதம் வரை இருந்தது. 2010 வாக்கில் அது 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இயல்பிலேயே இல்லாத ஆர்வம் முதலில் அவ்வளவு உயரத்துக்குப் போய், பிறகு பாதியாகச் சரிந்திருக்க முடியாது. நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

அந்த "வேறு ஏதோ" என்ன என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் 1995 முதல் மாணவர்களிடம் நேரில் பேசிப் பேசித் தேடினார்கள். சிறு வயதிலேயே வீட்டுக் கணினியைப் பிரித்து விளையாடிய பையன்களோடு ஒரே வகுப்பில் உட்காரும் பெண்கள், அனுபவத்தில் இருந்த இடைவெளியைத் திறமையில் இருக்கும் இடைவெளி என்று எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தும், தனக்கு இது வராது என்று முடிவு கட்டினார்கள். பல்கலைக்கழகம் முன் அனுபவத்துக்கு ஏற்றபடி பல நுழைவு வழிகளை வைத்தது, சேர்க்கை முறையை மாற்றியது, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1995இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் சேர்க்கை 2000இல் 42 சதவீதம் ஆனது. அங்கே வந்து சேர்ந்த பெண்களைத் தாங்கிப் பிடிக்க, கணிதவியலாளர் லெனோர் ப்ளம் அமைத்த மாணவியர் குழுவும் துணையாக நின்றது.

பல்கலைக்கழகத்திடம் சேர்க்கை அதிகாரம் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது. மாலை நேரத்தில் யாரோ கொடுத்த அலுவலக அறையில் கூடும் ஊர்க் குழுவிடம் இதில் எதுவுமே கிடையாது. சான் பிரான்சிஸ்கோ நிகழ்வு எனக்குப் பெரிதாகப் படுவது அதனால்தான்.

ஒரு வெள்ளி மாலையும் ஒரு சனிக்கிழமையும்

2009இன் நடுவில் ரெயில்ஸ்பிரிட்ஜ் என்ற பெயரில் இரண்டு சாராக்களின் முதல் பயிலரங்கு நடந்தது. கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மென்பொருளை நிறுவுவது, சனிக்கிழமை முழு நாளும் கற்பது. இன்று பல நாடுகளில் பழகிப்போன இந்த வடிவத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

வெள்ளி மாலையைப் பாருங்கள். ஒவ்வொருவர் லேப்டாப்பும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் பழைய விண்டோஸ், ஒன்றில் மேக், இன்னொன்றில் அலுவலகம் போட்ட பூட்டு. ரூபி, அதில் வலைத்தளம் கட்ட உதவும் ரெயில்ஸ், தரவுத்தளம், எடிட்டர் எல்லாம் ஒத்துப்போய் ஓடுவதற்குள் தேர்ந்த நிரலாளருக்கே சில மணி நேரம் போய்விடும். இதைச் சனிக்கிழமை காலையில் வைத்தால் புதிதாக வந்தவர் அந்த நாளின் முதல் மூன்று மணி நேரத்தைச் சிவப்பு எழுத்துப் பிழைச் செய்திகளோடு கழிப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் அதற்குள் பாடத்துக்குப் போயிருப்பார். கார்னகி மெலனில் கண்ட அந்தப் பழைய தவறான முடிவு, எனக்கு இது வராது என்பது, அங்கேயே பிறந்துவிடும். நிறுவும் வேலையைத் தனி மாலையாகப் பிரித்து, அதற்கென்று ஆட்களை நிறுத்தியபோது அது எல்லாருக்கும் பொதுவான தொல்லை ஆகிவிட்டது. தன் குறை என்று யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதில்லை.

அடுத்தது, வகுப்பைப் பிரித்த விதம். ஒன்றுமே தெரியாதவர், வேறு மொழியில் எழுதிப் பழகியவர், ரூபியை ஏற்கெனவே தொட்டுப் பார்த்தவர் என்று வருபவர்களே தங்கள் நிலையைச் சொல்லிச் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்தார்கள். இதில் ஒரு முக்கியமான விஷயம் மறைந்திருக்கிறது. பெண்களுக்கான பயிலரங்கு என்றாலே ஆரம்பப் பாடம்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பத்து வருடம் ஜாவாவில் எழுதிய பெண்ணுக்கு 'மாறி என்றால் என்ன' என்று சொல்லிக் கொடுத்தால் அவர் மதிய இடைவேளையிலேயே கிளம்பிவிடுவார். அப்புறம் திரும்ப வரவே மாட்டார். ஊர்க் குழுவுக்கு மிகவும் தேவைப்படும் ஆளும் அவரேதான்.

ஆண்கள் வரலாமா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெண் அழைத்து வரும் விருந்தினராக ஆண் வரலாம். யாரையும் வாசலில் தடுக்க வேண்டியதில்லை. அதே நேரம் கற்க வருபவர்களில் பெண்களின் எண்ணிக்கை பாதிக்குக் கீழே போகவும் வழியில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். வார இறுதி முழுவதும் ஒருவர் வெளியே இருக்க வேண்டும் என்றால் வீட்டில் யாரோ பொறுப்பு எடுக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாதவருக்கு இலவசம் என்று அறிவிப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது.

கற்றுக்கொடுத்தவர்கள் யார்? மாதச் சந்திப்புக்கு வழக்கமாக வரும் ரூபி நிரலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்கும் முதலில் பயிற்சி நடந்தது. மாணவரின் விசைப்பலகையை நீங்கள் பிடுங்கித் தட்டாதீர்கள், அவர் கை செய்யட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். "இது கூடத் தெரியாதா" என்ற தொனி குரலில் வந்துவிடக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயங்கள். ஆனால் ஒரு முழு சனிக்கிழமை இப்படிப் பழகியவர் அடுத்த மாதச் சந்திப்பில் புதிதாக ஒருவரைப் பார்க்கும்போது முன்பு போல இருக்க மாட்டார். பயிலரங்கு பெண்களுக்கு ரூபி கற்றுக்கொடுத்தது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். புதியவரோடு எப்படிப் பேசுவது என்று பழைய ஆட்களுக்கு அது கற்றுக்கொடுத்ததையும் சேர்த்து எழுத வேண்டும். இன்னொன்றும் நடந்தது. பயிலரங்குக்கு வந்த பெண், பிறகு சந்திப்புக்குப் போனால் அங்கே தெரிந்த முகங்கள் இருந்தன. சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர் அங்கே கை அசைப்பார். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்குள் தனியாக நுழையும் அந்த முதல் ஐந்து நிமிடம் அவருக்கு இல்லாமல் போனது.

ஒரு முறையோடு நிறுத்தவும் இல்லை. பயிலரங்கு திரும்பத் திரும்ப நடந்தது. ஒரு முறை மாணவராக வந்தவர் அடுத்த முறை உதவியாளராக வந்தார், அதற்கடுத்த முறை சிலர் ஆசிரியராகவே நின்றார்கள். எப்படி ஏற்பாடு செய்வது என்பதையெல்லாம் குறிப்புகளாக எழுதி எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். இரண்டு சாராக்களும் இல்லாவிட்டாலும் நடக்கும்படி செய்தது அந்தக் குறிப்புகள்தான்.

18 என்ற எண்ணின் கனம்

நூற்றுக்குப் பதினெட்டு என்பது ஒரு பெரிய வெற்றியா என்று கேட்கலாம். சமம் என்று சொல்ல ஐம்பது வேண்டும். ஆனாலும் பதினெட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு.

சமூகவியல் ஆய்வாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977இல் வேலையிடங்களைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை விளக்கினார். ஒரு குழுவில் ஒரு வகையினர் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அவர்கள் தனி மனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை. தங்கள் வகைக்கு அடையாளமாகப் பார்க்கப்படுகிறார்கள். எல்லார் கண்ணும் அவர்கள் மேல் இருக்கும். பெரும்பான்மையினருக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியும். அவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

ஐம்பது பேர் இருக்கும் சந்திப்பில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் கேட்கும் கேள்வி அவருடைய கேள்வியாக நிற்பதில்லை. அது பெண்களின் கேள்வி ஆகிவிடுகிறது. தப்பாகக் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பார். ஒன்பது பேர் இருந்தால் ஒருவர் நன்றாகக் கேட்பார், ஒருவர் சுமாராகக் கேட்பார், ஒருவர் பேசவே மாட்டார், இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை. அந்த விடுதலை கிடைக்கும் எல்லைக்கு அருகில்தான் 18 இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ குழு இந்த ஆய்வைப் படித்துவிட்டு அந்த எண்ணைத் துரத்தவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வாசிப்பு. ஆனால் பொதுச் சந்திப்பில் எண்ணினால்தான் இந்த எல்லையைத் தாண்டினோமா இல்லையா என்பதே தெரியவரும். பெண்கள் மட்டும் கூடும் அறையில் அந்தக் கணக்கு எப்போதும் நூறுதான்.

பாஸ்டனில் மறுபடியும்

ஓர் ஊரில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். 2011இல் பாஸ்டனில் ஜெசிகா மெக்கெல்லர், அஷீஷ் லரோயா ஆகியோர் ரெயில்ஸ்பிரிட்ஜைப் பார்த்து, பைத்தான் மொழிக்கு அதே போன்ற பயிலரங்கைத் தொடங்கினார்கள். அதே வெள்ளி மாலை, அதே சனிக்கிழமை. மதியத்துக்குப் பிறகு மாணவர்கள் மூன்று சிறு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்: சொல் விளையாட்டில் ஜெயிக்க உதவும் நிரல், வண்ணக் கட்டங்களை ஆட்டுவிக்கும் நிரல், ட்விட்டரிலிருந்து தகவல் எடுக்கும் நிரல். காலையில் முதல் வரி எழுதியவர் மாலையில் ஓடும் ஒன்றைக் கையில் வைத்திருப்பார்.

பாஸ்டன் குழு சேர்த்த புதிய விஷயம் அடுத்த படி. ஊரின் பைத்தான் குழு "திட்ட இரவு" என்று ஒன்றை நடத்தியது. உரை கிடையாது, மேடை கிடையாது. லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம், தடுக்கினால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். பயிலரங்கு முடியும்போதே அடுத்த திட்ட இரவுக்கு வாருங்கள் என்று அழைப்பு போகும். அனுபவசாலிகளுக்கான உரை மாலைக்கு நேராகப் போனால் பாதி புரியாமல் திரும்ப வேண்டியிருக்கும். பயிலரங்குக்கும் உரை மாலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் திட்ட இரவு ஒரு படிக்கல் ஆனது. பெண்கள் ஏறக்குறைய இல்லாமலேயே நடந்துவந்த அந்தக் குழுவின் கூட்டங்களில் அவர்கள் பங்கு சுமார் 15 சதவீதத்துக்கு வந்தது.

நான் பார்த்த முயற்சிகளில் உடைந்துபோன பல இந்தப் பள்ளத்தில்தான் உடைந்தன. பயிலரங்கு அருமையாக நடக்கும். குழுப் புகைப்படம் எடுப்பார்கள். எல்லாரும் நெகிழ்ந்து கிளம்புவார்கள். அடுத்த வாரம் எங்கே வர வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு புதிய பயிலரங்கு, புதிய முகங்கள். முந்தைய முகங்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நிகழ்வு சொல்லாதவை

18 சதவீதம் என்பது கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு. அவர்களுக்கு வேலை கிடைத்ததா, சம்பளம் சரியாக இருந்ததா, ஐந்து வருடம் கழித்தும் துறையில் இருக்கிறார்களா என்று அந்த எண் பேசாது. எந்தப் பெண்கள் வந்தார்கள் என்றும் பேசாது. அதே 2011இல் கிம்பர்லி பிரையன்ட் கறுப்பினச் சிறுமிகளுக்காக பிளாக் கேர்ல்ஸ் கோட் அமைப்பை அதே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்க வேண்டியிருந்தது. பெண்கள் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரும் சமமாக அடங்கிவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பொதுக் கூட்டத்துக்குள் ஆட்களைக் கொண்டு சேர்ப்பது ஒரு வேலை. ஏற்கெனவே துறையில் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது வேறு வேலை. 1987இல் இயக்கத் தளங்கள் பற்றிய ஓர் ஆய்வு மாநாட்டில் கணினி அறிவியலாளர் அனிதா போர்க் கழிவறையில் வேறு சில பெண்களைச் சந்தித்தார். அத்தனை பெரிய மாநாட்டில் பெண்கள் இவ்வளவுதானா என்ற பேச்சு எழுந்தது. அங்கே இருந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சாப்பிடப் போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிஸ்டர்ஸ் என்ற குழு. அவர்களுக்கு யாரும் நிரல் எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பள உயர்வைப் பற்றி எப்படிப் பேசுவது, கூட்டத்தில் நான் சொன்னதையே இன்னொருவர் சொல்லிப் பெயர் வாங்கும்போது என்ன செய்வது, பிள்ளை பெற்றுத் திரும்பியதும் முக்கியமான திட்டத்திலிருந்து சத்தமில்லாமல் நகர்த்தப்பட்டால் யாரிடம் போவது? இந்தப் பேச்சுக்குத் தனி அறை வேண்டும், கதவைச் சாத்தவும் வேண்டும்.

இரண்டுமே தேவை. ஒன்றை நடத்திவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்ப்பதுதான் சிக்கல். தொடக்கப் பயிலரங்குகளாகவே நடத்தும் குழுவில் பத்து வருட அனுபவம் உள்ள பெண் எப்போதும் ஆசிரியராகவே இருக்க வேண்டியிருக்கும். அவர் கொடுத்துக்கொண்டே இருப்பார், அவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது. ஒரு நாள் நின்றுவிடுவார். பெண்களின் நிலையைச் சரிசெய்யும் வேலை முழுவதையும் பெண்களே, அதுவும் சம்பளம் இல்லாமல், அலுவலக நேரத்துக்குப் பிறகு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நான் ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்ட முறையாகத் தெரிகிறது.

பெரிதாகும்போது

2011இல் அதே சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஊர்க் குழுவாகத் தொடங்கிய இன்னொரு முயற்சி விமன் ஹு கோட். அது 145 நாடுகளில் 3 லட்சத்து 60 ஆயிரம் பேர் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. 2024 ஏப்ரலில் நிதி வரத்து குறைந்ததைக் காரணமாகச் சொல்லி அமைப்பை மூடுவதாக அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. அதே ஆண்டில், 2007 முதல் இயங்கிவந்த கேர்ல்ஸ் இன் டெக் அமைப்பும் மூடப்பட்டது. நிறுவனங்கள் செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கும் வரிகளில் இந்த நன்கொடைகளும் இருக்கின்றன. பல ஆண்டு உழைப்பு இப்படி நிற்பதைப் பார்க்க மனம் கனத்துப்போகிறது.

ஆனால் விமன் ஹு கோட்டின் எல்லா ஊர்க் குழுக்களும் அதோடு முடியவில்லை. சில வேறு பெயர் வைத்துக்கொண்டு தொடர்ந்தன. ஓர் ஊர்க் குழுவுக்கு மாதத்தில் ஒரு மாலை ஓர் அறை, நான்கைந்து ஒருங்கிணைப்பாளர்கள், உறுப்பினர்களை எட்டும் ஒரு வழி போதும். இந்த மூன்றும் தலைமையகத்தின் கையில் இருந்தால் தலைமையகத்தோடு போய்விடும். ஊரிலேயே இருந்தால் பெயர்ப் பலகை மட்டும்தான் மாறும். ரெயில்ஸ்பிரிட்ஜின் பாடங்களும் ஏற்பாட்டுக் குறிப்புகளும் திறந்தே இருந்ததால், க்ளோஜர், எலிக்சர், கோ என்று மற்ற மொழிக்காரர்கள் அதே வடிவத்தை எடுத்துத் தங்கள் பயிலரங்குகளை நடத்தினார்கள்.

தன் ஊரில் இதைத் தொடங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். பயிலரங்கின் தேதியைக் குறிக்கும் முன், அதற்கு அடுத்து வரும் திட்ட இரவின் தேதியையும் அறையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அறிவிப்பில் போடுங்கள். பயிலரங்கில் பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேராவது அந்தத் திட்ட இரவுக்கு வருவதாக முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, ஊரின் பொதுச் சந்திப்பு ஒவ்வொன்றிலும் மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், போன மாதம் வந்தவர்களில் யார் யார் திரும்பி வந்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள். திரும்பி வராதவரிடம் போன் செய்து ஏன் என்று கேளுங்கள்.